விடுதலை கேட்டு வீசிய கை: சார்லஸ் ராட்போர்னின் 1884

அமெரிக்க பேஸ்பால் பதிவேடுகளில் ஒரே மனிதரின் ஒரே ஆண்டுக்கு இரண்டு எண்கள் வழங்குகின்றன. 1884ஆம் ஆண்டு பிராவிடன்ஸ் கிரேஸ் அணிக்காக சார்லஸ் ராட்போர்ன் வென்ற ஆட்டங்கள் 59 என்கிறது ஒரு கணக்கு. 60 என்கிறது மற்றொன்று. ஜூலை 28ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக நடந்த ஆட்டம்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். சைக்ளோன் மில்லர் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) முதல் ஐந்து இன்னிங்ஸை வீசி, அணி முன்னிலையில் இருந்தபோது விலகினார். மிச்சத்தை ராட்போர்ன் வீசி முடித்தார். இன்றைய விதிப்படி அந்த வெற்றி மில்லருடையது. அன்றைய ஸ்கோரர் அதை ராட்போர்ன் பெயரில் எழுதினார்.

கிரிக்கெட்டில் வெற்றி அணிக்கு மட்டுமே உரியது. பேஸ்பாலில் வெற்றியோ தோல்வியோ ஒரு பிட்சரின் தனிக்கணக்கிலும் ஏறும். அந்தக் கணக்கில் 59க்கு அருகில்கூடப் பின்னாளில் யாரும் வரவில்லை. 1900க்குப் பிறகு ஒரே சீசனில் மிக அதிக ஆட்டங்களை வென்றவர் ஜாக் செஸ்ப்ரோ, 1904இல் 41. முப்பதைத் தாண்டிய கடைசி பிட்சர் டெனி மெக்லெய்ன், 1968இல் 31. முறியடிக்கவே முடியாத சாதனைகள் என்று ரசிகர்கள் பட்டியல் போடும்போதெல்லாம் ராட்போர்னின் பெயர் முன்வரிசையில் வருவது இதனால்தான்.

ஆனால் அந்தப் பட்டியல்கள் அவரை இரும்புக் கை படைத்தவர் என்று வியப்பதோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கோடையில் அவர் ஏன் அப்படி வீசினார் என்ற கேள்விக்கு எண்களில் விடை இல்லை. விடை ஒரு பேரத்தில் இருக்கிறது. தன்னை ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்டிருந்த விதியிலிருந்து விடுபடத் தன் தோளை விலையாகக் கொடுக்க முன்வந்த தொழிலாளியாகவே ராட்போர்னைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் 1884 நமக்குப் புரியும்.

முதலில் அன்றைய ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். இன்று பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். 1884இல் மேடு கிடையாது. தரையில் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் பிட்சர் ஓரடி ஈரடி நடந்து வந்து வீசலாம்; அந்தக் கட்டத்தின் முன்கோடு 50 அடி தூரத்தில் இருந்தது. பந்து தனக்கு உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம். இன்று நான்கு பந்துகள் குறி தவறினால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அன்று ஆறு தவற வேண்டும். ஆட்டத்தை நடத்த ஒரே நடுவர். ஃபீல்டர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு நின்றார்கள். பிட்சரின் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குக் கையில் மெல்லிய தோலுறை மட்டும் உண்டு. விரல் ஒடியாத கேட்சர் அந்தக் காலத்தில் அரிது.

தோளுக்கு மேலே கையைத் தூக்கி வீசும் உரிமையை, பிராவிடன்ஸ் ஆடிய நேஷனல் லீக் தன் பிட்சர்களுக்கு முழுமையாகத் தந்தது அந்த 1884இல்தான். கிரிக்கெட்டில் இதே தடை 1864இலேயே நீங்கிவிட்டது. இரண்டு ஆட்டங்களும் இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே வாசலைக் கடந்தன.

மாற்று ஆட்டக்காரர் பற்றிய விதி இன்னும் முக்கியம். காயமோ நோயோ வந்தாலொழிய வெளியில் இருக்கும் ஒருவரை உள்ளே கொண்டுவர முடியாது. களைத்துப்போன பிட்சரை மாற்ற வேண்டுமானால், ஏற்கெனவே களத்தில் நிற்கும் இன்னொருவரோடு இடம் மாற்ற வேண்டும். அதனால் இரண்டாம் பிட்சரை வலது புறக் களத்தில் நிறுத்திவைப்பது வழக்கம். 1882 ஆகஸ்ட் 17இல் டெட்ராய்ட்டுக்கு எதிரான ஆட்டம் ரன்னே இல்லாமல் 18 இன்னிங்ஸ் நீண்டது. பிராவிடன்ஸுக்காக முழுவதையும் வீசியவர் ஜான் மான்ட்கோமரி வார்ட். வலது புறத்தில் நின்ற ராட்போர்ன் 18ஆம் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து 1-0 என்று முடித்துவைத்தார். இந்த மாற்று விதியை நினைவில் வையுங்கள். 1884இன் பெரும் நெருக்கடி இதிலிருந்துதான் பிறந்தது.

ராட்போர்ன் 1854 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பிறந்தார். வளர்ந்தது இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில். தந்தை இங்கிலாந்திலிருந்து குடியேறிய இறைச்சிக்கடைக்காரர். மகனும் இறைச்சித் தொழில் பார்த்தார், ரயிலில் பிரேக் போடும் வேலையும் பார்த்தார். 1878இல் பியோரியா, 1879இல் டுபியூக் என்று மத்திய மேற்கின் சிறு அணிகளில் ஆடினார். 1880இல் பஃபலோ அணி அவரை எடுத்தது. தோள் வலியால் அங்கே ஒரு பந்துகூட வீசாமல், ஆறு ஆட்டங்களில் வேறு இடங்களில் நின்றுவிட்டு வெளியேறினார். பிட்சராக அவருடைய வாழ்க்கை தொடங்கும் முன்பே தோளில் பழுது இருந்தது என்பதை அவருடைய பிற்காலப் புகழைப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1881இல் பிராவிடன்ஸ் அழைத்தது. ரோட் தீவு மாநிலத்தின் தலைநகர். அப்போது மக்கள்தொகை லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த ஆலை நகரம். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், நடுத்தர உடல்வாகு கொண்ட ராட்போர்ன் வேகத்தை மட்டும் நம்பியவர் அல்லர். கோணத்தையும் வேகத்தையும் வளைவையும் மாற்றி மாற்றி, அடுத்தது என்ன வரும் என்று தெரியாமல் பேட்டரைத் திணறவைப்பது அவர் பாணி. முதல் ஆண்டில் 25 வெற்றிகள், அடுத்த ஆண்டில் 33. வார்ட் நியூயார்க் அணிக்குப் போய்விட, 1883இல் அணியின் 98 ஆட்டங்களில் 76இல் ராட்போர்னே பந்து வீசினார், 48 வென்றார். அந்த ஜூலையில் கிளீவ்லாந்துக்கு எதிராக ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்காத ஆட்டமும் அதில் அடக்கம்.

இவ்வளவு உழைத்தும் அவர் சம்பளத்தை அவரால் பேரம் பேச முடியாது. 1879 செப்டம்பரில் பஃபலோவில் கூடிய நேஷனல் லீக் முதலாளிகள், அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்களைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்வதாகத் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். ஒதுக்கப்பட்டவரை மற்ற அணிகள் தொடக்கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் பழைய முதலாளி சொல்லும் தொகைக்கு ஆட வேண்டும். இல்லையேல் ஆட்டத்தையே விட வேண்டும். 1883இல் அந்த எண்ணிக்கை பதினொன்றாக உயர்ந்தது. அதாவது ஏறக்குறைய முழு அணியும் கட்டுக்குள் வந்தது. ரிசர்வ் விதி என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு அடுத்த தொண்ணூறு ஆண்டுகள் பேஸ்பாலின் அடித்தளமாக இருந்தது. ஆட்டக்காரரின் திறமை வளர வளர அதன் பலன் முழுவதும் முதலாளிக்கே போகும்படி கட்டப்பட்ட அநீதியான ஏற்பாடு அது.

1884 தொடங்கியபோது பிராவிடன்ஸிடம் இரண்டு பிட்சர்கள் இருந்தார்கள். 29 வயது ராட்போர்ன் ஒருவர். இன்னொருவர் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த இளைஞர் சார்லி ஸ்வீனி. ஜூன் 7ஆம் தேதி ஸ்வீனி பாஸ்டன் அணியின் 19 பேட்டர்களைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார் (ஸ்ட்ரைக் அவுட்). ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்றில் அந்த எண்ணைத் தாண்ட 1986இல் ரோஜர் கிளெமன்ஸ் வர வேண்டியிருந்தது. நகரத்தின் புது நாயகனாக ஸ்வீனி உயர, ராட்போர்ன் மனம் கசந்தார். ஜூலை 16இல் பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய வீச்சு தறிகெட்டுப் போனது. வேண்டுமென்றே அணியைக் கெடுத்தார் என்று நிர்வாகம் கருதியது. அவரைச் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார்கள்.

ஆறு நாள் கழித்து, ஜூலை 22. ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்வீனி வீசிக்கொண்டிருந்தார், குடித்திருந்தார். அணி முன்னிலையில் இருந்தது. மேலாளர் ஃபிராங்க் பேன்கிராஃப்ட் அவரை வலது புறக் களத்துக்குப் போகச் சொல்லி, அங்கு நின்ற மில்லரை வீச வரச் சொன்னார். ஸ்வீனி மறுத்துவிட்டுக் களத்தை விட்டே வெளியேறினார். மாற்று ஆளைச் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை. எட்டுப் பேரோடு மிச்ச இன்னிங்ஸை ஆடிய பிராவிடன்ஸ், கையில் இருந்த ஆட்டத்தைத் தோற்றது. ஸ்வீனியை அணி நீக்கியது. அவர் போட்டி அமைப்பான யூனியன் அசோசியேஷனின் செயின்ட் லூயிஸ் அணியில் போய்ச் சேர்ந்தார்.

ஒரு பிட்சர் தடையில், மற்றொருவர் ஓடிவிட்டார். அணியையே கலைத்துவிடலாமா என்று இயக்குநர்கள் யோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அப்போது ராட்போர்ன் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்: மிச்ச சீசன் முழுவதையும் நானே வீசுகிறேன், பதிலுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள், சீசன் முடிந்ததும் ரிசர்வ் கட்டிலிருந்து என்னை விடுவியுங்கள்.

கூடுதல் பணம் எல்லாத் தொழிலாளியும் கேட்பது. இரண்டாவது நிபந்தனைதான் அசாதாரணம். சங்கம் கிடையாது, வழக்கறிஞர் கிடையாது, பத்திரிகை ஆதரவும் கிடையாது. ஒரு வாரத்துக்கு முன்பு தன்னைத் தண்டித்த நிர்வாகம் தன்னைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்கும் தருணத்தை அவர் சரியாகக் கணித்தார்.

பிறகு நடந்தது வரலாறு. ஜூலை 23 முதல், கோப்பை உறுதியான செப்டம்பர் 24 வரை பிராவிடன்ஸ் ஆடியது 43 ஆட்டங்கள். அவற்றில் 40ஐத் தொடங்கி வீசியவர் ராட்போர்ன், 36இல் வென்றார். ஆகஸ்ட் 7 முதல் செப்டம்பர் 6 வரை அணி தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை வென்றது. அவற்றில் 18 அவருடையவை. முக்கியப் போட்டியாளர் பாஸ்டன். ஆகஸ்ட் 9இல் அவர்களோடு ரன் இல்லாமல் நீண்ட ஆட்டம் 11ஆம் இன்னிங்ஸில் ஆர்தர் இர்வின் அடித்த ஹோம் ரன்னால் 1-0 என்று முடிந்தது.

கையின் நிலை வேறாக இருந்தது. தலை வாரக்கூட அவரால் கையைத் தூக்க முடியவில்லை என்று உடன் ஆடியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆட்டம் உள்ள நாளில் பல மணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்கு வந்துவிடுவார். சில அடி தூரத்தில் மெதுவாக எறியத் தொடங்குவார். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டாம் பேஸிலிருந்தும் பிறகு அதற்கும் பின்னாலிருந்தும் எறிவார். விறைத்த தோள் இளகி, வலி அடங்கிய பிறகு கட்டத்துக்குள் வந்து நிற்பார். மறுநாளோ அதற்கு மறுநாளோ மீண்டும் இதே சடங்கு. பேட்டர்களைவிடத் தன் தோளை எதிர்த்துத்தான் அவர் அந்த இரண்டு மாதமும் கூடுதலாகப் போராடினார்.

சீசன் முடிவில் கணக்கு இது: 73 ஆட்டங்களைத் தொடங்கினார், 73ஐயும் முடித்தார். 678⅔ இன்னிங்ஸ், 441 ஸ்ட்ரைக் அவுட், 12 தோல்விகள், ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் 1.38. அணி 84 வெற்றி, 28 தோல்வியோடு இரண்டாம் இடத்து பாஸ்டனைவிடப் பத்தரை ஆட்டம் முன்னால் நின்றது.

இங்கே நிதானம் தேவை. இந்த எண்களை இன்றைய எண்களோடு நேருக்கு நேர் வைத்து, இன்றைய பிட்சர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவது தவறு. 1980இல் ஸ்டீவ் கார்ல்டன்தான் ஒரு சீசனில் 300 இன்னிங்ஸைத் தாண்டிய கடைசி ஆள். ராட்போர்ன் அதன் இரு மடங்குக்கும் மேல் வீசினார் என்பது உண்மை. ஆனால் ராட்போர்னின் காலத்தில் அவர் மட்டும் அப்படி வீசவில்லை. அதே 1884இல் லூயிவில் அணியின் கை ஹெக்கர் 670 இன்னிங்ஸ் வீசி 52 ஆட்டங்களை வென்றார். பாஸ்டனின் சார்லி பஃபின்டன் 48, பஃபலோவின் பட் கால்வின் 46. மிக அதிக இன்னிங்ஸ் என்ற சாதனைகூட ராட்போர்னுடையது அல்ல. 1879இல் சின்சினாட்டியின் வில் ஒயிட் 680 வீசியிருக்கிறார். ஸ்ட்ரைக் அவுட்டில் 1886இல் மேட் கில்ராய் 513 எடுத்தார். அணிக்கு ஓரிரு பிட்சர்கள் என்ற ஏற்பாடும், குறுகிய தூரமும், தோளைப் பிழிந்தெடுக்கும் இன்றைய முழுவேக வீச்சு தேவைப்படாத ஆட்ட முறையும் அந்த எண்களை உருவாக்கின. ராட்போர்னைத் தனித்து நிறுத்துவது அளவு அல்ல. அந்த அளவுக்கு வீசியும் தரம் குறையாததும், தானே போட்ட நிபந்தனைக்காக வீசியதும்தான்.

அக்டோபரில் நேஷனல் லீக் சாம்பியனான பிராவிடன்ஸ், போட்டி லீக்கான அமெரிக்கன் அசோசியேஷனின் சாம்பியன் நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸோடு மோதியது. பிற்காலத்தில் வேர்ல்ட் சீரிஸ் என்று புகழ்பெற்ற தொடருக்கு இது முன்னோடி. 23, 24, 25 ஆகிய மூன்று நாள், மூன்று ஆட்டம், மூன்றிலும் ராட்போர்ன். முடிவுகள் 6-0, 3-1, 12-2. மூன்றாம் நாள் குளிரில் வந்த பார்வையாளர்கள் சில நூறு பேர். முதல் இரண்டு ஆட்டங்களில் எதிரணிக்கு வீசிய டிம் கீஃப் மூன்றாவதில் நடுவராக நின்றார். மொத்தம் 22 இன்னிங்ஸில் ராட்போர்ன் விட்ட ரன்கள் மூன்று. அவையும் ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை.

விடுதலை கேட்டிருந்தும், அடுத்த ஆண்டும் அவர் பிராவிடன்ஸுக்கே வீசினார். 28 வெற்றி, 21 தோல்வி. 1885 முடிவில் அந்த அணியே மறைந்தது. சிறிய நகரம் பெரிய நகரங்களோடு வருமானத்தில் போட்டிபோட முடியவில்லை. அணியின் ஆட்டக்காரர்களை பாஸ்டன் முதலாளிகள் வாங்கினார்கள். 1886 தொடக்க நாளில் பாஸ்டன், நியூயார்க் அணிகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் ராட்போர்ன் நடுவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தச் சைகை பதிவான மிகப் பழைய புகைப்படங்களில் இதுவும் ஒன்று என்று கருதப்படுகிறது. பாஸ்டனில் அவர் வாழ்க்கை சரிவுதான்: 1886இல் வெற்றியைவிடத் தோல்வி அதிகம், 1888இல் வெற்றி ஏழே ஏழு.

இதற்கிடையே அவருடைய பழைய தோழர் வார்ட், கொலம்பியா சட்டக் கல்லூரியில் படித்து, 1885இல் ஆட்டக்காரர்களின் முதல் சங்கத்தை அமைத்திருந்தார். 1888 இறுதியில் ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்ற முதலாளி ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார். ஓர் அணியின் தலைவர் வார்ட். 1889 ஜனவரியில் அவர்கள் கொழும்பிலும் ஆடினார்கள். வார்ட் நாட்டில் இல்லாத நேரம் பார்த்து முதலாளிகள் ஆட்டக்காரர்களை ஐந்து தரமாகப் பிரித்து, சம்பளத்தை 1,500 முதல் 2,500 டாலருக்குள் அடைக்கும் திட்டத்தை நிறைவேற்றினார்கள். பதிலடியாக 1890இல் ஆட்டக்காரர்களே தங்களுக்கென்று ஒரு லீக் தொடங்கினார்கள். ராட்போர்ன் அதன் பாஸ்டன் அணிக்குப் போனார். 35 வயதில், தேய்ந்துபோன தோளோடு 27 வெற்றி, 12 தோல்வி. அணி கோப்பையை வென்றது. முதலாளிகளின் பிடியில் இல்லாத ஒரே சீசனில் அவர் மீண்டும் பழைய ராட்போர்னாக வீசியதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. பணமில்லாமல் அந்த லீக் ஒரே ஆண்டில் மூடப்பட்டது.

1891இல் சின்சினாட்டியில் 300ஆவது வெற்றியைத் தொட்டு, அந்த சீசன் முடியும் முன்பே ஓய்வு பெற்றார். புளூமிங்டனில் மதுக்கடையும் பில்லியர்ட்ஸ் கூடமும் நடத்தினார். 1894இல் வேட்டையின்போது துப்பாக்கி வெடித்து ஒரு கண் போனது. மேகநோய் மூளையைப் பாதித்து, 1897 பிப்ரவரி 5இல் 42 வயதில் இறந்தார்.

1939இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர், 1879இல் டுபியூக்கில் அவரோடு ஆடி, பின்னாளில் அணி முதலாளியான சார்லஸ் கோமிஸ்கி. அங்குள்ள பலகை, ராட்போர்ன் சீசனின் கடைசி 27 ஆட்டங்களில் வீசி 26இல் வென்றதாகச் சொல்கிறது. ஆட்டவாரிக் கணக்கோடு அது பொருந்தவில்லை. அவர் செய்த பேரம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதுதான் பெரிய குறை.

ரிசர்வ் விதியை எதிர்த்து கர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1975 டிசம்பர் 23இல் தொழில் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் வழங்கிய தீர்ப்புதான் அதை உடைத்தது. அந்த வழக்கில் விடுதலை பெற்ற ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி இருவரும் பிட்சர்கள். ராட்போர்ன் பிராவிடன்ஸிடம் அதே விடுதலையைக் கேட்டு 91 ஆண்டுகள் ஆகியிருந்தன.